மனு பார்க்கப் போகும் மகள்

கேள்வி: நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலம் சூரமங்கலத்தில் குடியிருக்கிறோம். ஒரே மகள் இங்கிலாந்தில், கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் நர்ஸாக இருக்கிறாள். லீவு கிடைக்கும் நாளில், குடியேற்றத் தடுப்பு மையத்தில் அடைத்து வைத்திருக்கும் ஒரு இலங்கைத் தமிழ்ப் பையனைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறாள். ஏதோ தொண்டு அமைப்பு மூலமாகவாம். அவன் குற்றவாளியா இல்லையா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இதனால் மகளின் விசாவுக்கு ஆபத்து வருமா? வரன் பார்க்கிற நேரத்தில், ஜெயிலுக்குப் போய் வருகிறாள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? நிறுத்தச் சொன்னேன், பேச்சையே குறைத்துவிட்டாள். என் மனைவியோ அந்தப் பையனுக்கு முறுக்கு சுட்டு அனுப்பலாமா என்கிறாள்.
— பெயர் வேண்டாம், சேலம்-5

பதில்: ஐயா, கடிதத்தில் அந்த இளைஞரின் பெயரையும் சொந்த ஊரையும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிட்டிருக்கிறோம். தஞ்சம் கேட்டு நிற்கிற ஒருவர் எங்கே இருக்கிறார் என்ற செய்தி, ஊரில் இருக்கும் அவருடைய தாய் தகப்பனுக்கு ஆபத்தாக முடியலாம். சூரமங்கலத்தில் பேசியது வாட்ஸ்அப்பில் இலங்கை போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. இனி உறவுக்காரர்களிடம்கூட அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். உங்கள் மகள் பேச்சைக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விசா பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். வேலை விசாவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம் என்பது பிரிட்டன் அரசின் விதியிலேயே இருக்கிறது. உங்கள் மகள் அடையாள அட்டையைக் காட்டி, சோதனைக்கு உட்பட்டு, போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக உள்ளே போகிறவர். அந்தப் பகுதியில் ‘கேட்விக் டிடெய்னீஸ் வெல்ஃபேர் குரூப்’ என்ற அமைப்பு 1995 முதலே இந்த வேலையைச் செய்துவருகிறது.

‘குற்றவாளியா?’ என்ற கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த மையங்களில் இருப்பவர்கள் தண்டனை அனுபவிக்கிறவர்கள் இல்லை. விசா முடிந்தும் தங்கிவிட்டவர், தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர், விமான நிலையத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டவர் என்று பலவகை. வேறு வழக்கில் சிறைத்தண்டனையை முழுதாக முடித்தும், வீட்டுக்கு விடாமல் இங்கே கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. யாரையும் அடைத்து வைக்க நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை, உள்துறை அதிகாரியின் உத்தரவு போதும்.

அஸ்தம்பட்டியில் மத்திய சிறைக்கு வெளியே மனு பார்க்கக் காத்திருக்கிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர் தண்டனைக் கைதி என்றால், என்றைக்கு வெளியே வருவார் என்று அந்தக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கும். கேட்விக்கில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. இத்தனை நாளுக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் பொதுவான சட்ட வரம்பே இல்லை. நாளைக்கே பிணை கிடைக்கலாம், நாளைக்கே விமானத்தில் ஏற்றலாம், இல்லையென்றால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். கேட்விக் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ‘புரூக் ஹவுஸ்’ மையத்தில் நடந்த கொடுமைகளை ஒரு ரகசியக் கேமரா 2017-ல் வெளியே கொண்டுவந்தது. அதைப் பற்றிய பொது விசாரணையின் அறிக்கை 2023 செப்டம்பரில் வந்தது. ஐந்தே மாதங்களில், மனிதத்தன்மையற்ற நடத்தை என்று கருத நம்பகமான ஆதாரம் உள்ள 19 சம்பவங்களை அது கண்டுபிடித்தது. 28 நாளுக்கு மேல் யாரையும் வைக்கக் கூடாது என்று பரிந்துரையும் செய்தது. அரசு ஏற்கவில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் உங்கள் மகள் போகிறார். அங்கே அவர் செய்வது சின்னச் சின்ன வேலைகள். குடியேற்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனவர்களை அங்கேயே பிடித்து உட்காரவைத்துவிட்டால், உடுத்திய துணியோடு வந்து சேர்வார்கள். ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு கேமரா இல்லாத சாதாரண போனைக் கொடுப்பார்கள். எண்களெல்லாம் பழைய போனில் மாட்டிக்கொள்ளும். உள்ளே துடைக்கிற, சமைக்கிற வேலைக்கு மணிக்கு ஒரு பவுண்டுதான் கூலி. அதை வைத்துக்கொண்டு வக்கீலுக்கு எத்தனை முறை போன் செய்ய முடியும்? ரீசார்ஜுக்கு வழி செய்வது, மாற்றுத் துணி, வாடகை அறையில் விட்டுவந்த பெட்டியை யாராவது எடுத்து வைத்தார்களா என்று விசாரிப்பது, வக்கீல் யாரைக் கேட்பது என்று அமைப்பின் மூலம் வழிகாட்டுவது. இவ்வளவுதான். ஆனால் வருகிறேன் என்று சொன்ன நாளில், தன்னிடம் எந்தக் கையெழுத்தும் கேட்காத ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து, தமிழில் பேசுகிறார். அது அங்கே அடைபட்டிருப்பவருக்கு எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மகளுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பயப்படும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். வழக்கு எப்படிப் போகும் என்று அபிப்பிராயம் சொல்லிவிடக் கூடாது. பதிவு பெறாதவர்கள் குடியேற்றச் சட்ட ஆலோசனை கொடுப்பதை 1999-ம் ஆண்டுச் சட்டம் அங்கே குற்றமாக்கியிருக்கிறது. ‘எப்படியும் உங்களை வெளியே எடுத்துவிடுவோம்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. தூக்கம் போய்விட்டது, பழைய சித்திரவதைக் காயம் இருக்கிறது என்று அவர் சொன்னால், நர்ஸ் என்பதற்காகத் தானே வைத்தியம் பார்க்காமல், அவர் சம்மதத்தோடு அமைப்பிடம் சொல்ல வேண்டும். சித்திரவதைக்கு உள்ளானவர் என்ற சந்தேகம் இருந்தால், மையத்து டாக்டர் அதை எழுதி அனுப்ப வேண்டும் என்று அங்கே விதி உண்டு. அது விடுதலைக்கே வழிவிடலாம். நல்ல அமைப்புகள் இதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகின்றன.

எனக்கு இதைவிடக் கவலை வேறொன்றில். ஒரு நாள் உங்கள் மகள் போகும்போது அந்த இளைஞர் அங்கே இருக்கமாட்டார். ராத்திரியோடு ராத்திரியாக வேறு மையத்துக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது நாட்டை விட்டே அனுப்பியிருப்பார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூட நேரம் கிடைத்திருக்காது. அன்றைக்கு உங்கள் மகள் யாருக்கு போன் செய்வார்? ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்கிற அப்பாவுக்கு மாட்டார். அந்தப் போன் உங்களுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுங்கள். அதற்கு இந்த வாரமே, நிறுத்து என்று சொன்னதை நிறுத்துங்கள். அந்த இளைஞரின் கதையை விசாரிக்க வேண்டாம். போய் வந்த அன்றைக்கு மனசு எப்படி இருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். வீட்டில் சுட்ட பலகாரத்தை உள்ளே கொடுக்க விடமாட்டார்கள், முறுக்கு மகளுக்குப் போகட்டும். அடைபட்டவர்களுக்கு ஏதாவது செய்யும் மனசு அவருக்கு இருந்தால் கேட்விக் வரை போக வேண்டியதில்லை. திருச்சி மத்திய சிறை வளாகத்திலேயே வெளிநாட்டவரை வைக்கிற சிறப்பு முகாம் இருக்கிறது. அங்கே நினைத்தவுடன் போக முடியாது. ஆனால் நம் சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்களே, அவைதான். அங்கேயே பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. உரிய அனுமதி வாங்கி, விண்ணப்பம் எழுத, பாடம் சொல்லித்தர நீங்கள் இருவரும் போகலாமே.

கடைசியாக, வரன். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், மகளிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், முதல் பேச்சிலேயே சொல்லிவிடச் சொல்வேன். ‘லீவு நாளில் தடுப்பு மையத்தில் இருப்பவர்களைப் போய்ப் பார்த்து வருவாள்’ என்று நேராகச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்தாமல். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீடு என்றால், தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது உங்கள் மகளுக்கு நல்லது.