கடற்கரைக் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி ஏன் போக முடிவதில்லை?

சுற்றுலாக் கடற்கரைகளில் கழிப்பறை இருந்தும், சக்கர நாற்காலியில் வருபவர்களால் ஏன் பயன்படுத்த முடிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிக்கல் வழியிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை. உலர்ந்த மணலில் இரண்டடி போவதற்குள் புதைந்துவிடும். பலகையோ கெட்டியான பாயோ விரித்த பாதை வாசல்வரை வராவிட்டால் உள்ளே என்ன வசதி செய்தும் வீண்.

அப்புறம் வாசல். கதவு பொதுவாக 90 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். உள்ளே நாற்காலியைத் திருப்ப 150 செ.மீ. விட்டத்துக்கு வெற்றிடம் வேண்டும். சாய்தளம் 1:12, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று செங்குத்தாக ஒரு சரிவைப் போட்டு, சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையை மாட்டுவது வெறும் கண்துடைப்பு.

உப்புக்காற்று வேறு. சாதாரண இரும்புக் கைப்பிடி சீக்கிரமே துருப்பிடித்து ஆட ஆரம்பிக்கும். நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறும்போது உடம்பின் எடை விழுவதே அந்தப் பிடியில்தான். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு தாங்கும், விலைதான் கூடுதல்.

சரி, இத்தனையும் இருக்கிறது என்றே வையுங்கள். துடைப்பத்தையும் வாளியையும் உள்ளே அடுக்கி அறையைப் பூட்டியிருப்பார்கள். சாவி யாரிடம் என்று தெரியாது. அதனால்தான் பலர் கடற்கரைக்குக் கிளம்பும் அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள்.