அக்காவைக் கேளுங்க: வேலூர் மிஷன் டாக்டருங்க

கேள்வி: அக்கா, நான் நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ராத்திரியில மனசு மாறி டாக்டர் ஆனாங்கன்னு க்ளாஸ்ல சொன்னாங்க. நெசமாவே அப்படித்தானா, இல்ல பின்னால ஜோடிச்சதா? - ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: ஜோடிச்சதில்லம்மா, அவங்களே கடைசி வரைக்கும் சொன்ன விஷயம் அது. 1870ல ராணிப்பேட்டையில பொறந்தவங்க, அப்பா தாத்தா எல்லாம் மிஷனரி டாக்டர், சின்ன வயசுல பஞ்சத்துல புள்ளைங்க ரோட்டோரம் கெடந்ததைப் பாத்துட்டு இந்த ஊரே வேணாம், அமெரிக்காவுல போய் செட்டில் ஆயிடணும்னு இருந்தவங்க. அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு திண்டிவனம் வந்த எடத்துல ஒரே ராத்திரி மூணு ஆம்பளைங்க தனித்தனியா வந்து கதவைத் தட்றாங்க, ஒருத்தர் ஐயர் வீடு, ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேற ஒரு இந்து குடும்பம், மூணு பேர் வீட்லயும் பொண்டாட்டி பிரசவ வலியில துடிக்குது. எனக்கு வைத்தியம் தெரியாது, எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னு இவங்க சொல்ல, ஆம்பள டாக்டர் வேணாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. காலையில பாத்தா மூணு பொண்ணும் செத்துப்போச்சு. சாவு மேளம் கேட்டுட்டு உக்காந்திருந்த அந்தப் பொண்ணுதான் திரும்பிப் போய் டாக்டருக்குப் படிச்சு 1900ல வேலூருக்கு வந்தாங்க.

ஆனா நீ நர்சிங் படிக்கிற பொண்ணு, உனக்கு நான் அதுக்கப்புறம் நடந்ததைத்தான் சொல்லணும். வந்த வருஷமே அப்பா எறந்துட்டாரு. புது டாக்டரம்மான்னு யாரும் நம்பி வரல. வீட்லயே ஒரு சின்ன ரூம்ல வைத்தியம், கூட ஒத்தாசைக்கு சமையல்காரரோட சம்சாரம் சலோமி. 1902ல ஆஸ்பத்திரி கட்டிட்டாங்க, ஆனா ஒரு பொம்பள டாக்டர் எத்தன பேரைப் பாக்க முடியும்? அதனால 1909ல நர்சிங் ஸ்கூல், 1918ல பொண்ணுங்களுக்கு மட்டும் மெடிக்கல் ஸ்கூல். மொத வருஷப் பரீட்சை எழுதின பொண்ணுங்க அத்தன பேரும் பாஸ், 1922ல 14 பேர் படிப்பை முடிச்சு வெளிய வந்தாங்க. வாரா வாரம் குடியாத்தம் ரோட்ல மரத்தடியில வண்டிய நிறுத்தி புண்ணு கழுவி கட்டுப் போட்டு மருந்து குடுத்துட்டுப் போவாங்க, அதை வருஷக்கணக்கா விடாம செஞ்சாங்க பாரு, அதுதான் எனக்குப் பெருசு.

கேள்வி: மிஷனரிங்க மதம் மாத்தத்தானே வந்தாங்க? ஆஸ்பத்திரியும் ஸ்கூலும் அதுக்கு ஒரு வழி, அவ்ளோதானே? - ஒரு வாசகர், சேலம்

பதில்: அவங்க வேதம் சொல்லத்தான் வந்தாங்க சார், அதை அவங்க மறைக்கவே இல்ல, நானும் மறைக்கல. ஆனா அந்த ஒரு வார்த்தையோட முடிச்சுட்டா பாதிதான் சொன்ன மாதிரி ஆயிடும். யாழ்ப்பாணத்துல மானிப்பாய்னு ஒரு ஊரு, 1847ல கிரீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் அங்க வந்தாரு. தமிழ் கத்துக்கிட்டு, இங்கிலீஷ் வைத்தியப் புத்தகத்தை எல்லாம் தமிழாக்கி, நம்ம பசங்களுக்குத் தமிழ்லயே டாக்டர் படிப்பு சொல்லிக் குடுத்தாரு. படிச்சவன் வெள்ளக்காரன் மாதிரி உடுத்திக்கிட்டுத் திரியக்கூடாது, தன் ஊர்ல தன் ஜனங்களோட தமிழனாவே இருந்து வைத்தியம் பாக்கணும்னு நெனச்ச மனுஷன் அவரு. நூத்தம்பது வருஷம் கழிச்சும் தமிழ்ல மருத்துவம் முடியுமான்னு நாம பேசிக்கிட்டே இருக்கோம், அவரு செஞ்சே காட்டிட்டாரு. அந்த விசுவாசம் நமக்கு இல்லாம இருக்கலாம், எனக்கும் பல விஷயத்துல அவங்களோட ஒத்துப்போகாது, ஆனா செஞ்ச வேலையை இல்லன்னு சொல்ல மனசு வராது.

கேள்வி: அக்கா, எங்க அப்பா டீக்கடை மாஸ்டர். முதுகுலயும் கையிலயும் தேமல் மாதிரி இருந்துச்சு, போன மாசம் பால் பாத்திரத்தைத் தொட்டு கை கொப்பளிச்சிருக்கு, அவருக்கே தெரியல. டாக்டர் தொழுநோய்னு சொல்லிட்டாரு. அப்பா அழறாரு, விரலெல்லாம் அழுகி விழுந்துடும்னு பயப்படறாரு. அந்தக் காலத்துல வேலூர்ல வெள்ளக்கார டாக்டர் மடங்கின கையை நேராக்கினாருன்னு பாட்டி சொல்றாங்க, உண்மையா? எங்க என்ன செய்யணும்னு தெரியல, வீட்ல யாரும் சரியா சாப்பிடறதில்ல. - ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, மொதல்ல அப்பாகிட்ட போய் இதைப் படிச்சுக் காட்டு. விரல் அழுகி விழாது. அந்த நோய் சதையை அழுக வைக்கிறதே இல்ல. கிருமி நரம்புல போய் உக்காந்துக்குது, நரம்பு செத்தா வலி தெரியாது, வலி தெரியாததாலதான் மத்த கேடெல்லாம் வருது. இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டினவரே உங்க பாட்டி சொல்ற அந்த டாக்டர்தான், பேரு பால் பிராண்ட், நம்ம கொல்லிமலையில 1914ல பொறந்தவரு, 1946ல வேலூருக்கு வந்தாரு. செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பாக்கப் போன எடத்துல விரல் மடங்கிப்போன ஒரு பையன்கிட்ட கையைக் குடுத்து புடின்னு சொல்லியிருக்காரு, அவன் புடிச்ச புடியில இவருக்கு வலி தாங்கல. இவ்ளோ தெம்பு இருக்கற கை எப்படிச் செத்த கையாகும்னு அங்க ஆரம்பிச்சதுதான். இன்னொரு தடவை துருப்புடிச்ச பூட்டு ஒண்ணு தெறக்கல, சின்னப் பையன் ஒருத்தன் வந்து ஒரே திருகுல தெறந்துட்டான், பாத்தா அவன் விரல் எலும்பு தெரியற அளவுக்குக் கிழிஞ்சு ரத்தம் கொட்டுது, அவனுக்கு ஒண்ணுமே தெரியல. ராத்திரியில விரல் துண்டு காணாமப் போகுதேன்னு காவல் வச்சுப் பாத்தா எலி வந்து கடிச்சுட்டுப் போகுது, தூங்கறவனுக்கு உணர்ச்சி இல்ல. அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா, ஆளுக்கொரு பூனை குடுத்தாங்க!

கை ஆபரேஷனும் உண்மைதான். முன்னங்கையில நல்லா வேலை செய்யற தசையோட நாரை எடுத்து மடங்கின விரல்ல கொண்டுபோய் கட்டுவாங்க, அப்புறம் மாசக்கணக்கா பயிற்சி. காட்பாடியில எங்க தெருவுல ஒரு தச்சர் தாத்தா இருந்தாரு, அந்த மாதிரி ஆபரேஷன் பண்ண கை. உளி புடிக்கிற எடத்துல துணியைத் தடிமனா சுத்தி வச்சிருப்பாரு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வேலையை நிறுத்திட்டு ரெண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. எதுக்கு தாத்தா பாக்கறேன்னு கேட்டா, வலி வந்து சொல்லாது பாப்பா, கண்ணுதான் சொல்லணும்னுவாரு. தச்சு வேலையும் அவரு ஆபரேஷனுக்கு அப்புறம் கத்துக்கிட்டதுதான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஆரம்பத்துல கை சரியானவங்க சில பேர் திரும்பி வந்து, இந்தக் கையை வச்சுக்கிட்டு பிச்சையும் கெடைக்கல, தழும்பைப் பாத்துட்டு எவனும் வேலையும் குடுக்கலன்னு சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டப்புறம்தான் 1951ல நவஜீவ நிலையம்னு ஆரம்பிச்சு குடிசை போட்டு, மரவேலை, பொம்மை செய்யறதுன்னு பழக்கினாங்க. கையைச் சரி பண்ணியாச்சு, போன்னு விடாம அந்த ஆளு நாளைக்கு எதை வச்சுச் சோறு தின்னுவான்னு யோசிச்சாங்க பாரு, எனக்கு அவங்க மேல மரியாதை வந்ததே அதனாலதான்.

இப்ப உன் விஷயம். பி.எச்.சி, ஜி.எச் எல்லாத்துலயும் எம்டிடி மாத்திரை (ஒண்ணுக்கு மேல மருந்து சேத்துக் குடுக்கற தொழுநோய் வைத்தியம்) ஃப்ரீ, ஆறு மாசமா பன்னெண்டு மாசமான்னு டாக்டர் சொல்லுவாரு, நடுவுல ஒரு நாள் கூட விடக்கூடாது. மூத்திரம் செவப்பா போகும், தோலு கொஞ்சம் கறுக்கலாம், ரெண்டும் மாத்திரையாலதான், பயப்பட வேணாம். மாத்திரை ஆரம்பிச்சுட்டா மத்தவங்களுக்குப் பரவறது சீக்கிரமே நின்னுடும், தனித் தட்டு தனி டம்ளர் எதுவும் வைக்காதீங்க, அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. வீட்ல எல்லாரும் போய் தோலைக் காட்டிட்டு வாங்க, தடுப்புக்கு ஒரு வேளை மாத்திரை குடுப்பாங்க. கை திடீர்னு பலம் கொறஞ்சாலோ, நரம்பு வலிச்சாலோ, கண்ணு செவந்தாலோ அன்னிக்கே ஓடணும், நாளைக்குப் பாக்கலாம்னு வேணாம். கடையில பாத்திரம் எறக்கத் தடியான துணி, கிளாஸைக் கையால தொடாம புடி போட்ட ட்ரேயில எடுக்கணும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நீயே அப்பா கையையும் காலையும் புடிச்சுப் பாரு, அடிப்பாதத்தைப் பாக்க முகம் பாக்கற கண்ணாடி வை. கால் மரத்திருந்தா எம்சிஆர் செருப்பு (உணர்ச்சி இல்லாத காலுக்குன்னே மெத்துன்னு ரப்பர்ல செய்யறது) கேட்டு வாங்கு. வேலூர் பக்கத்துல கரிகிரி ஆஸ்பத்திரி 1955லேருந்து இதுக்குன்னே இருக்கு, உங்க ஊர்லேருந்து தூரமில்ல.

இன்னொண்ணு, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேக்கலாம்னு இருந்த சட்டத்தையே 2019ல எடுத்துட்டாங்க, அதனால அம்மாகிட்ட யாராவது ஏதாவது ஓதினா காதுல வாங்க வேணாம்.

கேள்வி: பைக் ஆக்சிடென்ட்ல என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. வயசு 26. இனிமே என்னக்கா இருக்குங்கறான். - ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டரைப் பத்திச் சொல்லும்மா அவன்கிட்ட. கேரளாவுல பொறந்து வேலூர்ல படிச்சவங்க, 1954ல கார் ஆக்சிடென்ட்ல உன் தம்பி மாதிரியே ஆயிட்டாங்க. கை ஆபரேஷனை உக்காந்துகிட்டே பண்ணலாமேன்னு பிராண்ட் டாக்டர் சொல்ல, வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கையை ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து அந்தத் துறையையே வேலூர்ல நடத்தினாங்க, 1966ல வேலூர் பாகாயத்துல அதுக்குத் தனி நிலையமே வந்துச்சு. இன்னும் இருக்கு, வீட்டு ஆளையும் கூட வச்சுச் சொல்லிக் குடுப்பாங்க. கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வை, ராத்திரியும்தான். படுக்கைப்புண்ணு வந்துட்டா மத்த எல்லாம் நின்னு போயிடும். உனக்கும் தூக்கம் வேணும், சொந்தக்காரங்ககிட்ட கேக்க வெக்கப்படாதே.

கேள்வி: எங்க கொல்லிமலையில குதிரையில போன வெள்ளக்காரப் பாட்டியைப் பத்தி எங்க ஆயா சொல்லுவாங்க. அது யாரு? - ஒரு வாசகர், செம்மேடு

பதில்: ஈவ்லின் பிராண்டா இருக்கணும், மேல சொன்ன டாக்டரோட அம்மா. புருஷன் 1929ல காய்ச்சல்ல மலையிலயே எறந்துட்டாரு. நரம்புச் சிலந்தி புழுவை அறுந்துபோகாம குச்சியில சுத்திச் சுத்தி நாள்கணக்கா வெளிய எடுக்கற வேலையெல்லாம் அந்த ரெண்டு பேரும் செஞ்சிருக்காங்க. ரிட்டயர் ஆனப்புறம் ஊருக்குப் போகாம திரும்ப மலைக்கே வந்து, மட்டக்குதிரையில ஊர் ஊரா போயிட்டிருந்தாங்க. 1974ல 95 வயசுல எறந்தாங்க, மலையிலயே புருஷன் பக்கத்துல பொதைச்சிருக்கு. உங்க ஆயா இன்னும் இருக்காங்களா தம்பி? என்னெல்லாம் ஞாபகம் இருக்குன்னு உக்காந்து கேட்டு, அவங்க சொல்ற மாதிரியே எழுதி எனக்கு அனுப்பு.