கத்தியைப் பரணில் ஒளித்து வைத்த அம்மாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 27. முதல் குழந்தை, பெண், பிறந்து 4 மாதம் ஆகிறது. ஒருநாள் அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் பாயில் குழந்தை. சட்டென்று ‘இவளை வெட்டிவிடுவேனோ’ என்று ஒரு நினைப்பு. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. அரிவாள்மணை, கத்தி எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன். தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று குளிப்பாட்டுவதையும் விட்டுவிட்டேன். “நான் அப்படிச் செய்யமாட்டேன்ல?” என்று கணவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனார். டாக்டரிடம் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? நான் கொலைகாரியா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: இல்லை, நீங்கள் கொலைகாரி இல்லை. இதை ஒரே ஒரு முறைதான் சொல்வேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய், அதிலும் பிரசவத்துக்குப் பிறகு வருகிற வகை மாதிரிதான் இருக்கிறது. ஓசிடி என்றால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் மண்டைக்குள்ளேயே ஓடுகிற ஓசிடியும் உண்டு. சாமி கும்பிடும்போது அசிங்கமான நினைப்பு வருகிறது என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்தியவர்கள், ரயில் வரும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடுவோமோ என்று பிளாட்பாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் எல்லாம் வருவார்கள். வெட்கத்தில் வருடக்கணக்காக யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் நாலு மாதத்தில் எழுதிவிட்டீர்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த நினைப்பு நோய் இல்லை. இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ஜாக் ராக்மனும் 1978-ல் எந்த மனநோயும் இல்லாத ஆட்களைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர், ஆமாம், இந்த மாதிரி வேண்டாத நினைப்பெல்லாம் எங்களுக்கும் வருகிறது என்றார்கள். 2008-ல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், புதிதாகப் பிள்ளை பெற்ற அம்மாக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், குழந்தையை வேண்டுமென்றே ஏதாவது செய்துவிடுவது போன்ற எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். உங்கள் தெருவிலும் இருப்பார்கள், சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் ‘சீ, என்ன நினைப்பு இது’ என்று வெண்டைக்காயைத் தொடர்ந்து நறுக்குகிறார்கள். நீங்கள் எழுந்து போய்க் கத்தியை ஒளித்தீர்கள். நோய் ஆரம்பித்தது அங்கேதான்.

‘குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்கப்புறம் குரங்கைத் தவிர வேறு எது நினைவுக்கு வரும்? அமெரிக்காவில் உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே 1987-ல் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதே, நினைப்பு வந்தால் மணியை அடி என்றார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் வீட்டில் கத்தி கண்ணில் படாத ஒவ்வொரு நிமிடமும் ‘ஏன் இல்லை’ என்று உங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. கணவரிடம் கேட்பதும் அப்படித்தான். அவர் “இல்லடி, நீ அப்படிச் செய்யமாட்டே” என்றதும் ஒரு பத்து நிமிஷம் நிம்மதி. சிரங்கைச் சொறிகிற மாதிரி, அந்த நேரத்துக்குச் சுகம், அப்புறம் இரட்டிப்பாக அரிக்கும்.

அதனால்தான் ஒரே ஒரு முறை என்றேன். இந்தப் பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி இருபது தடவை படிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். அதுவும் சொறிவதுதான்.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று, பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்கிற தற்காப்பைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார், இன்றுவரை ஓசிடிக்கு இதை மிஞ்சிய பேச்சு சிகிச்சை கிடையாது. உங்கள் விஷயத்தில் எப்படி இருக்கும் என்றால், முதல் வாரம் கத்தி அடுப்படி மேடையில் சும்மா இருக்கும், குழந்தை ஹாலில் தூங்கும், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள், அவ்வளவுதான். அடுத்து குழந்தை தூளியில், நீங்கள் அதே அறையில் பீன்ஸ் நறுக்குவீர்கள். நினைப்பு வரும், வரட்டும். நெஞ்சு படபடக்கும். எழுந்து போகக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது, மனசுக்குள் சாமி பேரைச் சொல்லி அதை அழிக்கவும் கூடாது. பெரும்பாலும் பயம் ஏறி, நின்று, தானாகவே இறங்கும். இறங்காத நாளிலும் பீன்ஸை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள். குளியலும் இதேபோல், முதலில் அம்மா பக்கத்தில், பிறகு அவர் வாசலில், பிறகு நீங்கள் மட்டும். ஆனால் இதை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், பயிற்சி உள்ள உளவியலாளர் கூட இருந்து செய்ய வேண்டியது.

கணவருக்கும் வேலை உண்டு. அடுத்த முறை கேட்கும்போது “இது ஓசிடி கேட்கிற கேள்வி, நான் பதில் சொல்லப் போவதில்லை” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோபமாகச் சொன்னால் வேலைக்கு ஆகாது.

இன்னொன்று மாத்திரை. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, அதனால் பால் கொடுக்கிற அம்மாக்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் முதலில் யோசிப்போம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படலாம், பலன் முழுதாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் ‘ஒண்ணும் கேட்கல’ என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். குணமான பிறகும் ஒரு வருடமாவது தொடரச் சொல்வோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற தூக்க மாத்திரை இதற்கு மருந்தே இல்லை. தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிரசவத்துக்குப் பின் அது தடுமாறினால் படபடப்பு கூடும்.

உங்கள் அம்மாவும் கணவரும் படிக்க வேண்டிய பகுதி இது. பிரசவத்துக்குப் பின் வேறொரு நோயும் வரும், ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு. நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல், காதில் குரல் கேட்பதாகச் சொல்லி, குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று உறுதியாக நம்புவார்கள். அந்த நினைப்பைப் பார்த்து அவர்களுக்குப் பயம் இருக்காது, சரியென்றே படும். அப்படித் தெரிந்தாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி, தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. நீங்கள் எழுதியதில் அப்படி ஏதும் இல்லை, நேரில் பார்க்கிற மருத்துவரும் இதை முதலில் கேட்டு உறுதிசெய்வார்.

குழந்தையைப் பிரிப்பார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். ஓசிடி தெரிந்த மனநல மருத்துவர் இதைக் கேட்டுப் போலீஸுக்குப் போன் செய்யமாட்டார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பேசச் சொல்வார். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக யோசனையாக இருந்தால் முதலில் 14416-க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு, ஆனால் எடுத்த எடுப்பில் அவ்வளவு தூரம் கைக்குழந்தையோடு அலைய வேண்டியதில்லை. அம்மா மந்திரித்துவிட்டதில் எனக்குச் சண்டை இல்லை, அவருக்கு அதில் நிம்மதி கிடைத்தால் சரி, ஆனால் அடுத்த செவ்வாய் மறுபடி போகலாம் என்றால் அந்த நேரத்துக்கு டாக்டரிடம் டோக்கன் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், பரணில் இருக்கிற அரிவாள்மணையை இன்றைக்கே இறக்கிவிடாதீர்கள். என்றைக்கு இறக்கலாம், யார் இறக்குவது என்பதை முதல் சந்திப்பில் அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.