பை ஹுக் ஆர் பை குரூக்: விண்ணப்பத்தில் எழுதலாமா?

கேள்வி: தனியார் வங்கியில் விற்பனைப் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். "பை ஹுக் ஆர் பை குரூக் டார்கெட்டை முடிப்பேன்" என்ற வரியோடு பயிற்சி மையத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். விடாமுயற்சி என்று பொருளாம், இங்கிலாந்துப் படைத்தலைவர் குரோம்வெல் சொன்னதாம். அப்படியே அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். நேர்வழியோ குறுக்குவழியோ, எப்படியாவது அடைந்தே தீருவேன் என்பதுதான் அதன் பொருள். அடுத்தவர் பணத்தைக் கையாளும் வேலைக்கு இந்த வாக்குறுதி வேண்டாம்.

குரோம்வெல் கதையையும் நம்ப வேண்டாம். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் நகரை ஹுக், குரூக் என்ற இரண்டு இடங்களில் ஏதோ ஒன்றின் வழியாகப் பிடிப்பேன் என்று 1649இல் அவர் சொன்னாராம். இடங்கள் உண்மை. ஆனால் ஜான் கவர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1390 வாக்கிலேயே இந்தத் தொடரின் பழைய வடிவத்தை எழுதிவிட்டார். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு: இடைக்கால இங்கிலாந்தில் பிரபுவின் காட்டு மரத்தைக் குடியானவர்கள் வெட்டக்கூடாது, வளைந்த அரிவாளுக்கும் (ஹுக்) ஆட்டிடையர் கோலுக்கும் (குரூக்) எட்டுகிற காய்ந்த கிளைகளை மட்டும் விறகுக்கு இழுத்துக்கொள்ளலாம். நம்மூர் ஆடு மேய்ப்பவர் கையில் இருக்கும் தொரட்டி மாதிரிதான். குரூக் என்றால் மோசடிக்காரன் என்ற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வந்தது. தொடர் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

இந்தப் பயிற்சி மையங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. யாரோ தொகுத்த மரபுத்தொடர் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து விற்கிறார்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி எல்லாரிடமும் காசு வாங்குகிறார்கள். தேர்வு நடத்துபவர்களுக்கும் இதில் பங்குண்டு. நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடித்தால் மதிப்பெண். எங்கே, யாரிடம் சொல்லலாம் என்று ஒரு கேள்வியும் கிடையாது. பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்?

சரி, எங்கேதான் பயன்படுத்துவது? பேச்சில். நண்பரிடம் "தீபாவளிக்கு பை ஹுக் ஆர் பை குரூக் டிக்கெட் வாங்கிடுவேன்" என்றால் யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள், பிடிவாதம் மட்டுமே கேட்கும். அதையே மேலதிகாரியிடம் சொன்னால் அவர் யோசிப்பார். அவரே உங்களிடம் சொன்னால் நீங்கள் யோசியுங்கள். எழுத்தில், அதுவும் கையெழுத்துப் போடும் கடிதத்தில், கூடவே கூடாது.

அந்த இடத்தில், முன்பு பார்த்த வேலையில் மாதம் எத்தனை வாடிக்கையாளரைச் சேர்த்தீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதுங்கள். அனுபவம் இல்லையென்றால், எந்தப் பகுதி மக்களோடு பழக்கம் என்று எழுதினால் போதும்.