பத்து வயதுப் பையனுக்கு எந்த அளவு கிரிக்கெட் பேட்?

வணக்கம். பையனுக்குப் பத்து வயது, உயரம் 138 செ.மீ., லெதர் பந்துக்கு மாறப்போகிறான், வளர்ந்தாலும் உதவுமே என்று 6-ஆம் நம்பர் பேட் வாங்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த உயரத்துக்கு 4-ஆம் நம்பர்தான் சரி.

நானும் என் மகனுக்குப் பெரிய பேட்டாகத்தான் வாங்கித் தந்தேன். கனம் தாங்காமல் கீழ்க்கையாலேயே, அதாவது கைப்பிடியில் கீழே பிடிக்கும் கையாலேயே, இழுத்து அடிக்கப் பழகிவிட்டான். நேராக வர வேண்டிய பேட் குறுக்கே வரும். அதை மாற்றவே ஒரு வருஷம் ஆனது, பாவம். கடையிலேயே சோதித்துவிடுங்கள்: மேல்கையால் (கைப்பிடியில் மேலே பிடிக்கும் கை) மட்டும் பேட்டைப் பிடித்து நேராக முன்னால் நீட்டச் சொல்லுங்கள். பத்து நொடிக்குள் கை நடுங்கி இறங்கினால் அந்த எடை ஆகாது.

பேட் மரத்தில் விலை கூடிய இங்கிலீஷ் வில்லோ இப்போதைக்குத் தேவையில்லை, காஷ்மீர் வில்லோ போதும். ஆனால் டென்னிஸ் பந்துக்கான பேட்டில் லெதர் பந்து ஆடவிடாதீர்கள், பிளந்துவிடும்.

மிச்சமாகும் பணத்தை ஹெல்மெட்டில் போடுங்கள். அண்ணன் போட்டது, யாரோ தந்தது என்று இதில் மட்டும் வேண்டாம். பட்டையை மாட்டித் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. அப்புறம், முன்விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள். நுழைந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிறுவர் பந்து பெரியவர்கள் பந்தைவிடச் சிறியது, அதனால் அவன் ஆடப்போகும் பந்தையே கையோடு கொண்டுபோங்கள். அப்டமன் கார்டும் (இடுப்புக்குக் கீழே உள்ளே போடும் காப்பு) முதல் நாளிலிருந்தே வேண்டும்.