மனசு ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது, தியானம் எப்படிச் செய்வது?

கேள்வி: எனக்கு வயது 43. பள்ளி ஆசிரியை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து தினமும் அரை மணி நேரம் தியானம் என்று ஆரம்பித்தேன். நாலு நாள்தான் ஓடியது. கண்ணை மூடினால் திருத்தாத விடைத்தாள் முதல் மாமியார் சொன்ன சொல் வரை வரிசைகட்டி வருகிறது. கால் மரத்துப்போகிறது, இல்லாவிட்டால் தூங்கி விழுகிறேன். யூடியூபில் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது? மாதவிலக்கு நாட்களில் செய்யலாமா? (வாசகி, திருவாரூர்)

பதில்: நாலு மணிக்கு எழுந்தீர்கள், சரி. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? அதை எழுதவில்லை. விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வருகிறது என்றால் பதினொன்றுக்கு முன்னால் இருக்காது. ஐந்து மணி நேரம் தூங்கிய உடம்பை இருட்டில் கண்மூடி உட்கார வைத்தால், அது பாக்கித் தூக்கத்தை வசூலிக்கத்தான் பார்க்கும். அதைச் சோம்பல் என்று திட்டிக்கொள்ளாதீர்கள். பிரம்ம முகூர்த்தம் அருமையான நேரம்தான், ஒன்பது மணிக்குப் படுக்கிறவர்களுக்கு.

அடுத்தது மனசு. அது நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? ‘சும்மா இரு’ என்பது நம் மரபில் கடைசிப் படி. அதை முதல் நாள் பாடமாக எடுத்துக்கொண்டுதான் பாதிப் பேர் நாலாம் நாள் எழுந்துவிடுகிறார்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். வெளியே போகிற மூச்சை மட்டும் எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்று பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நாலு எண்ணும்போது ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு நினைவுக்கு வரும். அங்கிருந்து தலைமையாசிரியர், அங்கிருந்து சம்பளப் பட்டியல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ‘அட, எண்ணிக்கை போச்சே’ என்று உறைக்கும். சிலருக்கு வாய் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போய்ப் பதினேழில் நிற்கும், அதுவும் தொலைந்த கணக்குதான். அந்த ‘அட’ இருக்கிறதே, அதுதான் நீங்கள் உட்கார்ந்ததன் பலன். திட்டாமல், பெருமூச்சு விடாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது முறை தொலைந்தால் இருபது முறை திரும்பியிருக்கிறீர்கள். பயிற்சி என்பது அந்தத் திரும்புதல்தான். அலையாத மனசுக்கு இது தேவையே இல்லை.

எண்ணிக்கையை வெளிமூச்சில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடும், வெளியே விடும்போது குறையும். வேகஸ் என்ற நரம்பின் கைவேலை அது. அதற்காக மூச்சை வலிய நீட்ட வேண்டாம். மூச்சை அடக்கிப் பிடிக்கும் கும்பகமும் ரத்த அழுத்தம் உள்ள உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம். சிரிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் ஐந்துக்கு மேல் போகக் கூடாது, நன்றாக அமைந்த நாளிலும்கூட. மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே’ என்ற ஆசை மிச்சமிருந்தால்தான் மறுநாள் உட்காரத் தோன்றும். பிறகு எட்டு, பன்னிரண்டு என்று ஏற்றி, மூன்றாம் மாதம் இருபதுக்கு வரலாம்.

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல், ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையில் கட்டுங்கள். நாள்காட்டித் தாளைக் கிழித்ததும், அல்லது காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணக்குப் போட்டுக் கணித்தவை). (நம் ஊர் மண்டலக் கணக்கான 48 நாளும் இதற்குள்தான் வருகிறது.) இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. ஆகவே ஒரு நாள் தவறினால் விரதம் முறிந்த மாதிரி மொத்தத்தையும் கைவிடாதீர்கள்.

கால் மரப்பது நரம்பு அழுந்துவதால். வேறு மர்மம் எதுவும் இல்லை. சம்மணமிட்டால் முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பழைய போர்வையை நாலு விரல் உயரத்துக்கு மடித்துப் பின்பக்கம் மட்டும் வைத்து உட்காருங்கள். இடுப்பு எழும்பும், முழங்கால் இறங்கும், முதுகு தானாக நிமிரும். அதுவும் முடியாவிட்டால் நாற்காலி. சாயாமல், பாதம் தரையில் பதிய இருந்தால் போதும், தியானம் ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

எந்த முறை? ஒன்றை எடுத்து இரண்டு மாதம் மாற்றாமல் செய்யுங்கள், அவ்வளவுதான். வேதாத்திரி மகரிஷி வழியில் தீட்சை வாங்கிப் புருவமத்தியில் தொடங்குவார்கள். எஸ்.என். கோயங்கா வகுத்த 10 நாள் விபாசனா முகாமில் முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். ஜெபம் பழக்கமிருந்தால் அதுவே போதும். எடுத்த எடுப்பில் பத்து நாள் முகாமுக்கு ஓடுவதை மட்டும் நான் சிபாரிசு செய்வதில்லை. வீட்டில் ஐந்து நிமிடம் நிலைத்த பிறகு போங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2014-இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேல் என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொன்று: கண்ணை மூடியதும் நெஞ்சு படபடத்து, பழைய துயரம் ஏதாவது பொங்கி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள். தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-லும் பேசலாம்.

மாதவிலக்கு நாட்களில் தாராளமாகச் செய்யலாம், மூச்சுக்குத் தீட்டு ஏது? அந்த நாட்களில் பூஜையறைக்குப் போகாத வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், ஆரம்பத்திலிருந்தே உங்கள் இடத்தைப் பூஜையறையில் பிடிக்காதீர்கள். கூடத்து ஜன்னலோரம், கொசு கடிக்காத மூலையாகப் பார்த்து அந்தப் போர்வையைப் போடுங்கள்.