பொருளாதாரம் ஆட்டம் காணும்போது தங்கம் வாங்கலாமா?
வாங்கலாம், ஆனால் கையிருப்பை மொத்தமாகக் கொட்டாதீர்கள். தங்கம் வட்டி தராது. அதனால் பணவீக்கம் வங்கி வட்டியை விழுங்கிவிடும் காலங்களில்தான் அதற்கு மவுசு கூடும். அது யாருடைய கடன் பத்திரமும் அல்ல; யாரோ ஒருவர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மதிப்பிழந்துபோகாது. மத்திய வங்கிகளே சேர்த்து வைப்பது அதனால்தான்.

நெருக்கடி வந்த அன்றே விலை எகிறும் என்று நம்ப வேண்டாம். 2008 மார்ச்சில் அவுன்ஸ் 1,000 டாலரைத் தொட்ட தங்கம், அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபின் அக்டோபரில் 700 பக்கம் இறங்கியது. ரொக்கத்துக்குத் தவித்தவர்கள் இதையும்தான் விற்றார்கள். பிறகு ஏறி 2011-இல் 1,900 டாலர்! பீதியின் உச்சத்தில் வாங்குவதுதான் வம்பு: 1980 ஜனவரியில் 850 டாலருக்கு வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருந்தார், அதுவும் பணவீக்கத்தைக் கழிக்காமல்.

என்னைக் கேட்டால், சேமிப்பில் பத்து சதவீதம் போதும். நகையாக வேண்டாம், செய்கூலி திரும்ப வராது.